ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒலிவாங்கி வரை

அயர்லாந்து என்றதும் நம் பள்ளியில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பசும்புல் வெளிகளும், ஓயாத மழையும், அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கிய கன்னியர்களுந்தான். அதே தீவிலிருந்து புறப்பட்டு, மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கார் ஓட்டிப் புகழ்பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜான் வாட்சன். பத்தாண்டுகள் காரை ஓட்டிக் காட்டியவர், பிறகு பல ஆண்டுகள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, பிறர் ஓட்டுவதைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

தோழியரே, கார்ப் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். என் அண்ணன் தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும்போது எனக்குக் கேட்டதெல்லாம் தேனீக் கூட்டத்தின் இரைச்சல் ஒன்றுதான். ஆனால் அந்த இரைச்சலுக்கு மேலே இரண்டு குரல்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒரு குரல் படபடவென்று, யார் யாரை முந்துகிறார் என்று சொல்லும். மற்றொரு குரல் நிதானமாக, அவர் ஏன் முந்த முடிந்தது என்று சொல்லும். இந்த இரண்டாவது குரலுக்குரியவர் பெரும்பாலும் பழைய பந்தய வீரராகவே இருப்பாராம். அப்படிப்பட்டவர்களைப் பற்றித் தேடியபோது கிடைத்தவர்தான் வாட்சன்.

இவர் 1946-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். அயர்லாந்துத் தீவு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. டப்ளினைத் தலைநகராகக் கொண்டது தனிக் குடியரசு. பெல்பாஸ்ட் உள்ள வடபகுதி பிரிட்டனோடு சேர்ந்தது. ஆகையால் பந்தயப் பட்டியல்களில் வாட்சனின் பெயருக்கு எதிரே பிரிட்டிஷ் கொடியே காணப்படும். ஆனால் அயர்லாந்துக்காரர்கள் இரு பகுதியிலும் அவரை நம்மவர் என்றே கொண்டாடினார்கள். தந்தையார் கார் வியாபாரம் செய்தவர். தாமே பந்தயங்களில் ஓட்டியவர். எனவே மகனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.

1970-இல் பிரான்சு நாட்டின் ரூவான் நகரில், ஃபார்முலா 2 என்ற இரண்டாம் நிலைப் பந்தயத்தில், வாட்சனின் கார் மோதிக் கையும் காலும் முறிந்தன. அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். 1973-இல் முதன்முதலாக உயர்நிலைப் பந்தயமாகிய ஃபார்முலா 1-இல் ஓட்டினார்.

அந்தக் காலத்தில் அந்தப் பந்தயம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் வாட்சனைப் பற்றிச் சொல்ல முடியாது. கார்கள் மெல்லிய அலுமினியத் தகடுகளை இணைத்துச் செய்யப்பட்டவை. ஓட்டுநரைச் சுற்றிலும் பெட்ரோல். ஓராண்டில் ஒன்றிரண்டு வீரர்கள் இறப்பது யாருக்கும் புதுமையான செய்தியாக இருக்கவில்லை. "இதற்குப் பெயர் விளையாட்டா? பெற்ற தாய் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்?" என்று என் அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாட்சனின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க ஒன்று மனத்தை உறுத்துகிறது. 1975 ஆகஸ்டில், ஆஸ்திரியப் பந்தயத்துக்கு முந்தைய ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி, இரண்டு நாள் கழித்து இறந்தார் பென்ஸ்கி என்ற அமெரிக்கக் குழுவின் ஓட்டுநர் மார்க் டானஹியூ. அவருடைய இடம் வாட்சனுக்குக் கிடைத்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1976 ஆகஸ்டு 15 அன்று, அதே ஆஸ்திரியக் களத்தில், அதே குழுவின் காரில் வாட்சன் தம் முதல் வெற்றியைப் பெற்றார். கார் தயாரிப்பாளர் என்ற முறையில் ஃபார்முலா 1-இல் பென்ஸ்கி குழு பெற்ற ஒரே வெற்றியும் அதுதான். வெற்றி பெற்றால் தாடியை எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி ரோஜர் பென்ஸ்கியோடு பந்தயம் கட்டியிருந்தாராம் வாட்சன். சொன்ன சொல் தவறாமல் மழித்துக்கொண்டார். தாடியோடு காரில் ஏறியவரை மறுநாள் பலருக்கு அடையாளமே தெரிந்திருக்காது!

அந்த வெற்றிக்குச் சரியாக 14 நாள் முன்பு நடந்தது இன்னும் பெரியது. 1976 ஆகஸ்டு 1. ஜெர்மனியில் நூர்பர்கிரிங் என்னும் களம். ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர். மலையும் காடுமான பாதை. முந்தைய ஆண்டின் உலக வாகையர் நிக்கி லௌடாவின் கார் மோதித் தீப்பற்றியது. பின்னால் வந்த ஓட்டுநர்களே தம் கார்களை நிறுத்திவிட்டு ஓடி, தீக்குள்ளிருந்து அவரை இழுத்தார்கள். அடுத்து வந்தவர்களில் ஒருவர் வாட்சன். முகம் வெந்து கிடந்த லௌடாவின் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு, உதவி வரும்வரை அவருக்கு ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். லௌடா பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் எண்ணினர். அவரோ 42 நாள் கழித்து, ஆறாத புண்களோடு இத்தாலியின் மோன்சா களத்தில் இறங்கி நான்காவதாக வந்தார்.

பின்னாளில் இந்த இருவரும் ஒரே குழுவில் இரண்டு முறை சேர்ந்து ஓட்டினார்கள். முதலில் 1978-இல் பிராபம் குழுவில்; பிறகு 1982, 83-இல் மெக்லாரன் குழுவில். வாட்சன் மெக்லாரனுக்குச் சென்ற கதையும் துயரமானதுதான். ஜேம்ஸ் ஹண்ட் விட்டுச் சென்ற அந்த இடத்துக்கு வரவேண்டியவர் சுவீடன் நாட்டு ரோனி பீட்டர்சன். 1978 செப்டம்பரில் மோன்சா விபத்தில் அவர் இறந்துவிடவே, அவ்விடம் வாட்சனுக்கு வந்தது. இறந்தவரின் நாற்காலியில் அமர்வது எளிதாக இருந்திருக்குமா? அடுத்த ஞாயிறன்று அதே நாற்காலியில் அமர்ந்து வேகமாகவும் ஓட்ட வேண்டும்!

இப்போது கொஞ்சம் விஞ்ஞானம். பத்தாம் வகுப்புத் தோழியருக்குக் கார்பன் பாடம் தெரியும். கரியும் வைரமும் ஒரே தனிமம் என்று படித்திருக்கிறோம். அதே கார்பனை, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக ஆக்க முடியும். ஒருவகைச் செயற்கை நூலைக் காற்றுப்படாமல் மிகுந்த வெப்பத்தில் கருக்கினால், மற்றவையெல்லாம் போய்க் கார்பன் மட்டும் இழையாக நிற்கும். அந்த இழைகளைத் துணிபோல் நெய்து, பிசின் தோய்த்து, ஓர் அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, அழுத்தமும் வெப்பமும் உள்ள அடுப்பில் வேகவைக்கிறார்கள். பிரஷர் குக்கரை எண்ணிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். வெளியே வருவது அலுமினியத்தைவிட இலேசானது, அதைவிட விறைப்பானது. தையல் வகுப்பில் துணியின் நேர் இழை, குறுக்கு இழை பார்த்து வெட்டச் சொல்வார்களே, அதைப் போல இங்கும் ஒவ்வோர் அடுக்கின் இழையும் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று கணக்குப் பார்த்தே வைக்கிறார்கள்.

1981-இல் மெக்லாரன் குழுவின் பொறியாளர் ஜான் பர்னார்ட், ஓட்டுநர் அமரும் உடற்கூட்டை இந்தக் கார்பன் இழையால் அமைத்தார். அதைச் செய்து தந்தது அமெரிக்காவின் ஹெர்குலீஸ் என்ற நிறுவனம். பலர் நம்பவில்லை. மோதினால் கண்ணாடிபோல் நொறுங்கித் தூளாகிவிடும் என்றார்கள். அந்தக் காரில்தான் வாட்சன் 1981 ஜூலை 18 அன்று சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் பந்தயத்தை வென்றார். கார்பன் உடற்கூடு கொண்ட கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. ஆனாலும் "மோதினால் என்ன ஆகும்?" என்ற கேள்வி தீரவில்லை.

அந்தக் கேள்விக்கும் வாட்சனே விடை தந்தார், விரும்பாமலே. அதே ஆண்டு செப்டம்பர் 13, மீண்டும் மோன்சா. வளைவு ஒன்றின் முடிவில் கார் ஓரத்துக்குச் சறுக்கி, சுழன்று, பின்பக்கமாகத் தடுப்பில் மோதியது. காரே இரண்டாகப் பிளந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் தனியே பிய்ந்து பாதையில் உருண்டன, தீயும் பறந்தது. பார்த்தவர்கள் முடிந்தது என்றே நினைத்தார்கள். வாட்சனோ முன்பாதிக்குள்ளிருந்து காயமில்லாமல் எழுந்து நடந்தார். உடற்கூடு அவரைக் காத்திருந்தது. அதன் பிறகு கார்பன் இழை வேண்டாம் என்று சொல்வார் குறைந்தனர். சில ஆண்டுகளில் எல்லாக் குழுக்களும் அதற்கே மாறிவிட்டன. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமேன் குரோஜான் என்ற வீரரின் கார் இரண்டாகப் பிளந்து தீக்கோளமாக எரிந்தபோது, அரை நிமிடத்துக்குள் அவர் கைகளில் தீக்காயத்தோடு வெளியே வந்தாரே, அதைப் பார்த்தவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அன்று அவரைக் காத்தவற்றில் கார்பன் உடற்கூடும் ஒன்று.

1982-இல் வாட்சன் உலக வாகையர் பட்டத்துக்கு மிக அருகில் வந்தார். பெல்ஜியத்தில் வென்றார், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தெருக்களில் 17-ஆம் இடத்திலிருந்து தொடங்கி வென்றார். பெல்ஜியத்து வெற்றியைக் கொண்டாட முடியவில்லை. முந்தைய நாள் அங்கேதான் கனடா வீரர் ஜில் வில்நேவ் இறந்தார். ஆண்டு முடிவில் கேக்கே ரோஸ்பெர்க் 44 புள்ளி, வாட்சன் 39. பட்டம் கைக்கெட்டவில்லை. பிறகு எப்போதும் எட்டவும் இல்லை.

ஆனால் ஒரு சாதனை அவர் பெயரில் இன்றும் நிற்கிறது. 1983 மார்ச் 27, கலிபோர்னியாவின் லாங் பீச். முன்னாள் நடக்கும் தகுதிச் சுற்றுகளில் யார் வேகமோ அவருக்கே தொடக்க வரிசையில் முன்னிடம். வாட்சனுக்குக் கிடைத்தது 22-ஆம் இடம். அவருக்குப் பின்னால் 23-ஆம் இடத்தில் லௌடா. 75 சுற்றுகள் முடிந்தபோது முதலிடம் வாட்சன், இரண்டாமிடம் லௌடா! ஃபார்முலா 1 வரலாற்றில் இத்தனை பின்னாலிருந்து தொடங்கி வேறெவரும் வென்றதில்லை.

இது என்ன மாயம்? மாயமில்லை, டயர். பந்தயக் கார் டயர் சூடானால்தான் தரையைப் பற்றும், குளிர்ந்திருந்தால் வழுக்கும். மெக்லாரன் கார், டயரை மெதுவாகவே சூடாக்கும். தகுதிச் சுற்றில் பெட்ரோல் குறைவு, பாரம் குறைவு, ஓடுவதும் ஓரிரு சுற்றுத்தான். டயர் சூடேறுவதற்குள் நேரம் முடிந்துவிடும். பந்தயத்திலோ நிறையப் பெட்ரோல் பாரத்தோடு பல சுற்று ஓடும்போது டயர் பதமாகிவிட்டது. மற்றவர்களின் டயர்கள் தேய்ந்து ஓய்ந்தபோது இவர்களுடையது உழைத்தது. சரி, அப்படியானால் இது நல்ல காரா, கெட்ட காரா? அதே ஆண்டு மே மாதம் மொனாக்கோவில், இதே வாட்சனுக்கும் லௌடாவுக்கும் பந்தயத்தில் சேர்வதற்கே தகுதி கிடைக்கவில்லை. இருவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

1983 முடிவில் வாட்சன் கூடுதல் ஊதியம் கேட்டுப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தபோது, ரெனோ குழு அலேன் ப்ரோஸ்டை வெளியேற்றியது. மெக்லாரன் உடனே ப்ரோஸ்டை எடுத்துக்கொண்டது. வாட்சனுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு அந்தக் காரில் லௌடாவும் ப்ரோஸ்டும் போட்டியிட்டு, லௌடா அரைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பெற்றார். வாட்சன் வெளியே நின்று பார்த்தார். பட்டம் பெறாதவர்களைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். எனக்கென்னவோ, பட்டம் பெற்றவர்களைப் பற்றி எழுத ஏற்கெனவே நிறையப்பேர் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

1985 செப்டம்பரில் லௌடாவுக்கு மணிக்கட்டில் அடிபட்டது. ஒரே ஒரு பந்தயத்துக்கு அவருடைய காரை ஓட்ட வாட்சனை அழைத்தார்கள். அக்காலத்தில் முதல் ஆறு பேருக்கே புள்ளி. வாட்சன் ஏழாவதாக வந்தார். அதுவே அவருடைய 152-ஆவதும் கடைசியுமான ஃபார்முலா 1 பந்தயம். 5 வெற்றிகள். பின்னர் சில ஆண்டுகள் ஜாகுவார் போன்ற கார்களில் நெடுநேரப் பந்தயங்கள் ஓட்டினார். 1990 நவம்பரில், டப்ளின்காரரான எடி ஜோர்டன் தொடங்கிய புதிய அயர்லாந்துக் குழுவின் முதல் காரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்துத் தந்தவரும் இவரே. (அந்த ஜோர்டன் பெயர் தாங்கிய காரில்தான் 2005-இல் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரானார்.)

அதே 1990-இல் யூரோஸ்போர்ட் தொலைக்காட்சி அவரை வர்ணனையாளராக அமர்த்தியது. 1996 வரை அப்பணியில் இருந்தார். வர்ணனை என்றால் பார்த்ததைச் சொல்வதுதானே, அது பெரிய வேலையா என்று நினைக்கிறோம். வானொலிக் கிரிக்கெட் வர்ணனையாளர், கேட்பவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் அப்படியில்லை, படம் நம் முன்னாலேயே இருக்கிறது. கார் சறுக்கியது என்பதை நாமே பார்த்துவிட்டோம். அது ஏன் சறுக்கியது, டயரா, பிரேக்கா, ஓட்டுநரின் அவசரமா, இது தெரிய வேண்டும். அதுவும் அடுத்த கார் சறுக்குவதற்குள்! வாட்சனுக்கு இந்தக் காரணங்கள் புத்தகத்தில் படித்தவை அல்ல. டயர் குளிர்ந்தால் என்ன ஆகும் என்று 22-ஆம் இடத்தில் நின்று அறிந்தவர். பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அறிந்தவர். 1977 பிரெஞ்சுப் பந்தயத்தில் கடைசிச் சுற்றுவரை முன்னால் சென்று, எரிபொருள் ஏறாமல் கார் தடுமாற, மரியோ ஆண்ட்ரெட்டியிடம் வெற்றியைப் பறிகொடுத்தவர் அல்லவா?

அவருக்கு வந்த பெருஞ்சோதனை 1994 மே 1. இத்தாலியின் இமோலா. முந்தைய நாள்தான் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். ஞாயிறன்று மூன்று முறை உலக வாகையரான அயர்ட்டன் சென்னாவின் கார் சுவரில் மோதியது. பந்தயம் நிறுத்தப்பட்டது. மருத்துவர்கள் பாதையிலேயே சென்னாவுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேளையில், பணிமனைப் பகுதியில் இருந்த எரிக் கோமா என்ற பிரெஞ்சு வீரரைத் தவறுதலாகப் பாதைக்குள் செல்ல விட்டுவிட்டார்கள். அவர் ஒன்றுமறியாமல் வேகமாக அந்த இடத்தை நோக்கி வந்தார். பணியாளர்கள் பதறிக் கைகாட்டினார்கள். நல்லவேளை, நின்றுவிட்டார்.

ஒலிவாங்கியின் முன் இருந்த வாட்சன் அதை மழுப்பவில்லை. தம் வாழ்நாளில் இவ்வளவு அபத்தமான ஒன்றைக் கண்டதில்லை என்ற கருத்தை நேரலையிலேயே சொன்னார். நடத்துபவர்கள் வருந்துவார்களே, தொலைக்காட்சி முதலாளிகள் கோபிப்பார்களே என்று பார்க்கவில்லை. எரிந்த காரின் அருகில் நண்பரின் தலையை மடியில் தாங்கியவருக்கு, அந்த இடத்துக்கு இன்னொரு கார் பாய்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு அங்கே நடந்தது தவறு என்றே தெரிந்திருக்காது. அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கோமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-இல் பெல்ஜியத்தில் அவர் மோதி மயங்கிக் கிடந்தபோது, தம் காரை நிறுத்திவிட்டுப் பாதையின் குறுக்கே ஓடிவந்து, எஞ்சினை அணைத்து, மருத்துவர் வரும்வரை அவர் தலையை அசையாமல் பிடித்திருந்தவர் சென்னா. இமோலாவில் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது கோமா காரில் ஏறவில்லை.

சென்னாவின் உயிரைப் பறித்தது தலைக்காயம். கார்பன் கூடு உடலைக் காத்தது. வெளியே தெரியும் தலையைக் காக்க அதனால் இயலவில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே வளைந்த டைட்டானியக் காப்பு ஒன்று 2018-இல்தான் கட்டாயமாயிற்று. அழகாக இல்லை என்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. முன்னே நான் சொன்ன குரோஜானும் தொடக்கத்தில் அதை எதிர்த்தவரே. தீயிலிருந்து மீண்ட பிறகு, மருத்துவமனையிலிருந்தே தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஃபார்முலா 1 வர்ணனையை விட்ட பிறகும் வாட்சன் வேறு பல பந்தயங்களுக்கு வர்ணனை செய்தார். பென் எட்வர்ட்ஸ் என்பவரோடு இணைந்து, நாடுகளுக்கிடையே நடந்த ஏ1 பந்தயங்களைப் பற்றி அவர் பேசியது பலருக்கு நினைவிருக்கும். எட்வர்ட்ஸ் விரைந்து பேசுவார். இவர் இடைவெளி விட்டுப் பேசுவார். 2010-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய நம் சென்னையின் கருண் சாந்தோக் பிறகு வந்து சேர்ந்ததும் அந்த இரண்டாவது குரலின் நாற்காலிக்கே. கார் ஏன் சறுக்கியது என்று படத்தை நிறுத்தி நிறுத்தி அவர் காட்டும் பகுதி வரும்போது மட்டும், என் அம்மாவும் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்காருகிறார்.